அப்பச்சிக்கு எந்தக் கூட்டு மருந்து? சிறுநீரகப் புற்றுநோய் பற்றி தேவகோட்டை ஆச்சிக்கு ஒரு பதில்

வேறு யாராவது படித்தாலும் புரிய வேண்டும் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தேவகோட்டை ஆச்சி ஒருவர். அவருடைய அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, வயது 66. இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது சிறுநீரகத்தில் கட்டி என்று அந்தச் சிறுநீரகத்தையே எடுத்திருக்கிறார்கள். பயாப்ஸியில் ‘க்ளியர் செல்’ வகை என்று வந்தது. போன மாத ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் சின்ன முடிச்சுகள் தெரிகின்றன, பெரியது 1.8 சென்டிமீட்டர். இடுப்பெலும்பிலும் ஓரிடத்தில் பரவியிருக்கிறது. மதுரை டாக்டர் பெம்ப்ரோலிசுமாப்பும் ஆக்சிடினிப்பும் சேர்த்துத் தரலாம் என்கிறார். சென்னையில் இரண்டாவது கருத்துக் கேட்டதில் நிவோலுமாப், இபிலிமுமாப் என்று சொல்லியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ஓர் அட்டவணை தயாரித்து அனுப்பி, “லென்வாடினிப்போடு பெம்ப்ரோலிசுமாப்தான் முதலிடம், 71 சதவீதம்” என்கிறார். இந்த மூன்றில் எது?

நான் டாக்டர் இல்லை. மதுரையில் புற்றுநோய்ப் பிரிவு மருந்தகத்தில் இருபத்தாறு வருடம் மருந்தாளுநராக இருந்துவிட்டு, இப்போது காரைக்குடியில் வீட்டோடு இருக்கிறேன். இந்த மருந்துகளைக் கலந்து கொடுத்திருக்கிறேன். அதைவிட அதிகமாக, மருந்து போட்டுக்கொண்டு ஊருக்குப் போனவர்கள் ராத்திரி பத்து மணிக்குப் பண்ணும் போனை எடுத்திருக்கிறேன். என் பதிலில் அந்தப் போன்களின் சாயல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் அட்டவணையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதில் எழுதியிருக்கும் எண்கள் தப்பில்லை. லென்வாடினிப் கூட்டில் கட்டி கணிசமாகச் சுருங்கியவர்கள் 71 சதவீதம். ஆக்சிடினிப் கூட்டில் 60 சதவீதம். கபோசாண்டினிப்பும் நிவோலுமாப்பும் சேர்ந்த இன்னொரு கூட்டில் 56 சதவீதம் போல. நிவோலுமாப், இபிலிமுமாப் கூட்டில், நடுத்தர, மோசமான நிலைக்காரர்களிடம் (இந்த நிலைக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்) 42 சதவீதம். இப்படி வரிசையாக அடுக்கினால் யாருக்கும் தம்பி சொல்வதுதான் சரி என்று படும்.

ஆனால் இந்த நாலு எண்ணும் நாலு வேறு ஆய்வுகளிலிருந்து வந்தவை. நிவோலுமாப், இபிலிமுமாப்புக்கு 2018-இல் வெளியான செக்மேட் 214, ஆக்சிடினிப் கூட்டுக்கு 2019-இல் கீநோட் 426, கபோசாண்டினிப் கூட்டுக்கு 2021-இல் செக்மேட் 9ஈஆர், லென்வாடினிப் கூட்டுக்கு அதே வருடம் க்ளியர் (இது ஆய்வின் பெயர், செல் வகை அல்ல). நாலு ஆய்வும் தங்கள் கூட்டை சுனிடினிப் என்ற பழைய மாத்திரையோடுதான் ஒப்பிட்டன. ஒன்றோடொன்று மோதவில்லை. இப்போது ஒரு வேலை செய்யுங்கள். கூட்டு மருந்தை மறந்துவிட்டு, அந்தச் சுனிடினிப் வரிசையை மட்டும் பாருங்கள். 9ஈஆர் ஆய்வில் சுனிடினிப் சாப்பிட்டவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம்) 35.5 மாதம். செக்மேட் 214-இல் எல்லா நிலைக்காரரையும் சேர்த்து ஏறத்தாழ 38 மாதம். கீநோட் 426-இல் ஐந்து வருடக் கணக்கில் 40.8 மாதம். க்ளியர் ஆய்வின் கடைசிக் கணக்கில் 54.3 மாதம். ஒரே மாத்திரை. ஒரே மாதிரி நாலு வாரம் சாப்பிட்டு இரண்டு வாரம் விடுவது. ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பத்தொன்பது மாத வித்தியாசம்!

மாத்திரை மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள். க்ளியர், கீநோட் 426 ஆய்வுகளில் நோய் சாதுவாக இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு போல இருந்தார்கள். மற்ற இரண்டிலும் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. தவிர, வருடம் போகப் போக, சுனிடினிப் தோற்றவர்களுக்கு அடுத்ததாக, நம் எதிர்ப்பு சக்தியையே நோயின் மேல் ஏவும் இம்யூனோதெரபி கிடைக்க ஆரம்பித்தது, அவர்கள் ஆயுளும் நீண்டது. நாலு வீட்டில் நாலு படியால் அளந்த நெல்லை ஒரே களத்தில் கொட்டி, யார் வீட்டில் விளைச்சல் அதிகம் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது தம்பியின் அட்டவணை. அவரைக் குறை சொல்லவில்லை. மருந்து கம்பெனிப் பிரதிநிதிகள் இதே படத்தை வண்ண வண்ணமாக அச்சடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார்கள்.

க்ளியர் ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 71 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கிய அந்தக் கூட்டில் இடைநிலை ஆயுள் 53.7 மாதம்; எதிர் அணியின் சுனிடினிப்பில் 54.3. இரண்டும் ஏறக்குறைய ஒன்று. மொத்தக் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் லென்வாடினிப் கூட்டின் பக்கம் நன்மை தெரிகிறது, அதை மறைக்கவில்லை. நோய் மறுபடி வளராமல் நின்ற காலமும் அதில் 23.9 மாதம், சுனிடினிப்பில் 9.2 மாதம்தான். ஆனால் கட்டி சுருங்குவது வேறு, ஆள் எவ்வளவு காலம் இருக்கிறார் என்பது வேறு. இரண்டும் எப்போதும் கைகோத்துக்கொண்டு போவதில்லை.

சரி, அப்படியென்றால் எதை வைத்து முடிவு செய்வது?

இந்தக் கூட்டுகளை இரண்டு குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். க்ளியர் செல் வகைக் கட்டி, விஎச்எல் என்ற மரபணு கெட்டுப்போனதால், உடம்புக்கு ஆக்சிஜன் இல்லை என்று பொய்யாகக் கூவிக் கூவித் தனக்குப் புதுப்புது ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ளும். ஆக்சிடினிப், கபோசாண்டினிப், லென்வாடினிப் போன்ற மாத்திரைகள் அந்தக் குழாய்களை வளரவிடாமல் தடுக்கின்றன. வாய்க்காலை அடைத்த வயல் மாதிரி கட்டி சீக்கிரம் வாடும். மற்றப் பக்கம் இம்யூனோதெரபி. நம் எதிர்ப்புச் செல்களுக்கு இயற்கையாகவே ‘பிரேக்’ உண்டு. பிடி-1 என்பது ஒன்று, சிடிஎல்ஏ-4 என்பது இன்னொன்று. இந்த இரண்டு பிரேக்குகளையும் பற்றிய வேலைக்காகத்தான் 2018-இல் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்ஜோவுக்கும் நோபல் கொடுத்தார்கள். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் பிடி-1 பிரேக்கை எடுத்துவிடும். இபிலிமுமாப் சிடிஎல்ஏ-4 பிரேக்கை எடுக்கும்.

மதுரை டாக்டர் சொன்னது ஒரு பிரேக்கை எடுத்து, கூடவே வாய்க்காலையும் அடைப்பது. தம்பி சொல்வதும் அதே குடும்பம், மாத்திரைதான் வேறு. சென்னையில் சொன்னது இரண்டு பிரேக்கையும் எடுத்துவிட்டு, மாத்திரையைப் பின்னால் வைத்துக்கொள்வது.

இரண்டு குடும்பத்தின் குணமும் வேறு. மாத்திரை சேர்ந்த கூட்டு வேகமானது. கட்டி வளர்ந்துகொண்டே போகிறவர்கள் அதில் குறைவு; லென்வாடினிப் கூட்டில் இருபதில் ஒருவர்தான் முதல் ஸ்கேனிலேயே ‘பலிக்கவில்லை’ என்று வந்தவர்கள். ஆக்சிடினிப் கூட்டில் பத்தில் ஒருவர் போல. நிவோலுமாப், இபிலிமுமாப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே நோய் முன்னேறிவிடுகிறது. அது பெரிய பயம்தான். ஆனால் பலித்தவர்களிடம் அந்தப் பலன் நிலைத்து நிற்கிறது. செக்மேட் 214-இல் நடுத்தர, மோசமான நிலைக்காரர்களில் ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 43 சதவீதம்; சுனிடினிப்பில் 31. இந்தக் கூட்டில் இடைநிலை ஆயுள் 47 மாதம், சுனிடினிப்பில் 26.6. பத்தில் ஒருவருக்கு ஸ்கேனில் கட்டியே இல்லாமல் போனது. மருந்தை நிறுத்திய பிறகும் வருடக்கணக்கில் நோய் திரும்பாமல் இருக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். மூன்று பேர். இருபத்தாறு வருடத்தில் மூன்று பேர் என்பது புள்ளிவிவரம் ஆகாது, ஆனாலும் அந்த மூன்று முகமும் மறக்கவில்லை.

ஆக, டாக்டர் மனதில் ஓடும் முதல் கேள்வி: இந்த ஆளுக்கு இப்போதே கட்டி சுருங்கியாக வேண்டுமா, அல்லது சற்றுப் பொறுத்திருந்து நீண்ட பலனுக்கு ஆசைப்பட நேரம் இருக்கிறதா? மூச்சுத் திணறல், கல்லீரல் முழுக்கக் கட்டி, வேகமாக எடை குறைவது என்றால் பொறுக்க முடியாது. அங்கே மாத்திரை கட்டாயம் வேண்டும்.

அப்பச்சி எந்த நிலை என்பதைக் கணக்குப் போட ஒரு முறை இருக்கிறது. ஐஎம்டிசி என்று உங்கள் கோப்பில் எழுதியிருக்கும். ஆறு கேள்விதான்: நோய் கண்ட நாளிலிருந்து மருந்து தேவைப்படுவதற்குள் ஒரு வருடம்கூட ஆகவில்லையா, தன் வேலையைத் தானே பார்க்க முடியாமல் தளர்ந்துவிட்டாரா, ஹீமோகுளோபின் குறைவா, கால்சியம் அதிகமா, வெள்ளணுக்களில் நியூட்ரோபில் அதிகமா, தட்டணுக்கள் அதிகமா. ஒவ்வொரு ‘ஆம்’ வந்தாலும் ஒரு மார்க். பூஜ்யம் என்றால் நோய் சாது. ஒன்று, இரண்டு நடுத்தரம். மூன்றோ அதற்கு மேலோ என்றால் மோசம். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 10.9 மட்டும்தான் குறைவு. கால்சியம் சரி, அணுக்கள் சரி. அப்பச்சி காலையில் எழுந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் ஆபரேஷன் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு மார்க், நடுத்தரம்.

நடுத்தரத்துக்கு இரண்டு குடும்பமுமே சரியான மருந்து. மதுரை டாக்டரும் சென்னை டாக்டரும் ஒருவருக்கொருவர் முரண்படவில்லை. ‘இரண்டு பேரும் வேறு வேறு சொல்கிறார்களே, யாரோ ஒருவர் தப்பு’ என்று நீங்கள் ராத்திரி தூங்காமல் இருந்தால், அந்தக் கவலையை விடுங்கள். சாது வகையாக இருந்திருந்தால் இபிலிமுமாப் வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். அந்த வகைக்காரர்களிடம் செக்மேட் 214-இல் சுனிடினிப்பே கட்டியை நன்றாகச் சுருக்கியது. பயாப்ஸியில் ‘சார்கோமடாய்டு’ என்ற சொல் இருந்தால் நேர் எதிர். அது முரட்டு வகை, ஆனால் இரண்டு பிரேக்கையும் எடுத்தால் நன்றாகக் கட்டுப்படும். அப்பச்சியின் ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். முதல் ஆபரேஷன் செய்த இடத்து நோயியல் ரிப்போர்ட் முழுதும் வேண்டும், முதல் பக்கம் போதாது.

இனி பக்க விளைவு. இங்கேதான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் முடிவு பெரும்பாலும் இதில்தான் போய் நிற்கும்.

மாத்திரையின் தொந்தரவு தினசரித் தொந்தரவு. ரத்த அழுத்தம் ஏறும். அப்பச்சிக்குப் பத்து வருடமாக பிரஷர் இருக்கிறது, ஆகவே வீட்டில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வைத்து, முதல் இரண்டு மாதம் காலையும் மாலையும் எழுதிவையுங்கள். வயிறு இளகும். வாய் புண்ணாகும், ருசி மாறும். செட்டிநாட்டு மிளகு, மிளகாய் எதையும் நாக்கு தாங்காது. இடியாப்பம், பால், கவுனி அரிசிக் கஞ்சி, பருப்பு மசியல் என்று கொஞ்ச நாள் ஓட்ட வேண்டியிருக்கும். சோர்வு வரும், தைராய்டு குறையும். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிந்து தோல் உரியும். முற்றத்துக் கல் மத்தியானம் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும், வெறுங்காலோடு நடக்கவே கூடாது. சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு சிறுநீரகம் இருப்பவருக்குக் கட்டாயம். லென்வாடினிப் கூட்டில் இவை எல்லாம் ஒரு படி அதிகம். ஆய்வில் பத்துக்கு ஏழு பேருக்கு லென்வாடினிப்பின் அளவைக் குறைக்க வேண்டி வந்தது. 20 மில்லிகிராமில் ஆரம்பித்து, குறைத்துக் குறைத்து அவரவருக்குத் தாங்குகிற அளவில் நிறுத்துவதுதான் நடைமுறை. 66 வயதில், ஒற்றைச் சிறுநீரகத்தோடு, பழைய பிரஷரோடு இருக்கிறவருக்கு முதல் தேர்வாக அதை நான் சொல்லமாட்டேன். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

இம்யூனோதெரபியின் தொந்தரவு வேறு தினுசு. பல பேருக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆய்வுக் கணக்கில்கூட, நிவோலுமாப்-இபிலிமுமாப் கூட்டில் கடுமையான பக்க விளைவு 46 சதவீதம், சுனிடினிப்பில் 63. ஆனால் வந்தால் திடீரென்று வரும், சாதாரண வியாதி வேஷத்தில் வரும். பிரேக் இல்லாத எதிர்ப்புச் செல்கள் கட்டியை விட்டுவிட்டுக் குடலை, கல்லீரலை, நுரையீரலை, தைராய்டை, பிட்யூட்டரியைத் தாக்கும். ஆய்வில் நாலில் ஒருவருக்கு மேல் அதிக அளவு ஸ்டீராய்டு தேவைப்பட்டது.

ஒன்று சொல்கிறேன். புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், ஐம்பது சொச்சம் வயது. இபிலிமுமாப் மூன்றாவது டோஸ் முடிந்து ஊருக்குப் போனார். ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறார். மறுநாளிலிருந்து வயிறு போக ஆரம்பித்தது. ‘விருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். பக்கத்து டாக்டர் வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையும் ஒரு ஆன்டிபயாடிக்கும் எழுதினார். அவருக்கு இந்த ஊசி பற்றித் தெரிய நியாயமில்லை. யாரும் சொல்லவும் இல்லை. ஐந்தாம் நாள், ஒரு நாளைக்குப் பதினாலு தடவை என்ற நிலையில், ரத்தத்தோடு வந்து சேர்ந்தார். ஸ்டீராய்டு ஊசி, அது போதாமல் இன்னொரு மருந்து, பதினெட்டு நாள் படுக்கை. பிழைத்தார். முதல் நாளே போன் செய்திருந்தால் வீட்டிலேயே மாத்திரையில் முடிந்திருக்கும். எங்கள் பக்கமும் தப்பு உண்டு: டிஸ்சார்ஜ் தாளில் எச்சரிக்கையெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குப் பிறகு நான் தமிழில் ஒரு சின்ன அட்டை அடித்து ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வைக்க ஆரம்பித்தேன்: ‘எனக்கு இம்யூனோதெரபி போட்டிருக்கிறது. வயிற்றோட்டம், மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, தாங்க முடியாத அசதி, தலைவலி என்றால் உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்.’ நீங்களும் ஒன்று எழுதி அப்பச்சியின் பர்ஸில் வையுங்கள். ஊசியை நிறுத்தி ஆறு மாதம் ஆனாலும் எடுக்க வேண்டாம், அப்போதும் வரலாம்.

மாத்திரையும் இம்யூனோவும் சேர்ந்த கூட்டில் வயிறு போனால் யார் காரணம் என்று தெரியாது. இரண்டும் செய்யும். இங்கே ஒரு மருந்தாளுநரின் சின்னக் கணக்கு உதவும். ஆக்சிடினிப் உடம்பில் சில மணி நேரம்தான் தங்கும். நிறுத்திப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னால், ஒன்றிரண்டு நாளில் வயிறு சரியானால் மாத்திரைதான் குற்றவாளி. சரியாகவில்லை என்றால் எதிர்ப்புச் செல்களின் வேலை, ஸ்டீராய்டு பக்கம் யோசிக்க வேண்டும். கபோசாண்டினிப் அப்படியில்லை, பாதி அளவு உடம்பை விட்டுப் போகவே நாலு நாள் போல ஆகும். அது நல்ல மருந்து, எலும்பில் பரவியவர்களுக்கு அதைத் தர விரும்பும் டாக்டர்கள் உண்டு, ஆனால் நிறுத்திப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். கல்லீரல் எண்கள் ஏறினாலும் இதே கதை. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருப்பவருக்கு ஆக்சிடினிப் இந்த ஒரு விஷயத்தில் சௌகரியம்.

அதனால்தான் தூரத்தைப் பற்றிக் கேட்டேன். தேவகோட்டையில் அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும். நீங்கள் கோயம்புத்தூரில், தம்பி சிங்கப்பூரில். சென்னையில் இபிலிமுமாப் போட்டால், மூன்று வாரத்துக்கு ஒரு முறை நாலு டோஸ். ஒவ்வொரு முறையும் விடிகாலைப் பல்லவன் ரயில் பிடித்துப் போய் வருவதைக்கூடச் சமாளித்துவிடலாம். டோஸ் முடிந்து பத்தாம் நாள் ராத்திரி வயிறு போக ஆரம்பித்தால் யாருக்குப் போன் செய்வார் ஆத்தா? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காதவரை சென்னை யோசனையை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். மதுரையிலேயே இபிலிமுமாப் போட்டுப் பழகிய டாக்டர் இருந்து, ‘எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்’ என்று ஓர் எண்ணும் கொடுத்தால், என் தராசு சமமாகிவிடும்.

பணம். இதைப் பேசாமல் போனால் பொய்யாகிவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உங்கள் வீடு கோட்டை மாதிரி தெரியும். பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், இரண்டு தெருவுக்கு ஒரே வீடு. அதில் பங்காளிகள் எத்தனை பேர், உங்கள் பங்கு எத்தனை அறை என்பது எனக்குத் தெரியும். விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும், ஆனால் ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அதுவும் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான். இம்யூனோதெரபி ஊசி ஒவ்வொன்றும் பெரிய தொகை. பெம்ப்ரோலிசுமாப்புக்கு 2023-இல் மத்திய அரசு சுங்க வரியை நீக்கியது, என்றாலும் அது இன்னும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலைதான். கம்பெனிகளே நடத்தும் உதவித் திட்டங்கள் உண்டு, சில டோஸ் வாங்கினால் மீதி இலவசம் என்கிற மாதிரி. முதல் டோஸுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பாதியில் கேட்டால் நடக்காமல் போகலாம்.

கணக்குப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இபிலிமுமாப் நாலே டோஸ். முதல் மூன்று மாதம் செலவு மலை மாதிரி, பிறகு நிவோலுமாப் மட்டும் மாதம் ஒன்று. பெம்ப்ரோலிசுமாப் மூன்று வாரத்துக்கு 200 மில்லிகிராம் அல்லது ஆறு வாரத்துக்கு 400, இரண்டு வருடம் வரை. மாத்திரை அதற்குப் பிறகும் தொடரும். மூன்றாவது டோஸில் பணம் தீர்ந்து நிறுத்துவது எல்லாவற்றிலும் மோசமான வழி. இம்யூனோ கட்டாது என்றால் சுனிடினிப், பசோபானிப், கபோசாண்டினிப் என்று மாத்திரையை மட்டும் முழுதாகக் கொடுப்பது கௌரவமான சிகிச்சைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் கேட்ட ‘குறைந்த அளவு நிவோலுமாப்’, மும்பை டாடா மருத்துவமனை ஆய்விலிருந்து வந்தது. 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பலன் காட்டினார்கள், நம் நாட்டுக்கு அது பெரிய வேலை. ஆனால் அது தலை, கழுத்துப் புற்றுநோய்க்காரர்களிடம் செய்தது. சிறுநீரகத்துக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கி வைக்காதீர்கள்.

தம்பி இன்னொன்றும் கேட்டிருந்தார்: மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். காஸ்மிக் 313 என்ற ஆய்வில் நிவோலுமாப், இபிலிமுமாப், கபோசாண்டினிப் மூன்றும் சேர்ந்தன. நோய் அடங்கியிருந்த காலம் கூடியது, ஆயுள் கூடவில்லை, கல்லீரல் தொந்தரவு மட்டும் நிறையக் கூடியது. வேண்டாம். அதே போல, இந்த முதல் கூட்டு ஒருநாள் பலிக்காமல் போகும்போது, ‘வேறு கம்பெனி இம்யூனோ போட்டுப் பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால் இரண்டு தடவை யோசியுங்கள். 2023-இல் வந்த காண்டாக்ட்-03 ஆய்வு இதைத்தான் சோதித்தது: இம்யூனோ தோற்ற 522 பேரில் பாதிப் பேருக்குக் கபோசாண்டினிப் மட்டும், மீதிப் பேருக்கு அதோடு இன்னொரு இம்யூனோ. இரண்டாவது இம்யூனோவால் ஒரு பலனும் இல்லை. அந்தப் பணத்தை மாத்திரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் அபிப்பிராயத்தை நேராகச் சொல்வதென்றால்: மதுரை டாக்டர் சொன்ன பெம்ப்ரோலிசுமாப், ஆக்சிடினிப் அப்பச்சியின் நிலைமைக்கும் வீட்டு நிலைமைக்கும் பொருந்துகிறது. ஆரம்பிப்பதற்கு முன் அவரிடம் இதையெல்லாம் கேளுங்கள். இடுப்பெலும்புக்கு ரேடியேஷன் தனியாக வேண்டுமா? படி ஏறும்போது வலிக்கிறது என்றால் அந்த எலும்பு எவ்வளவு பலவீனம் என்று பார்க்க வேண்டும், முறிந்துவிட்டால் மருந்தெல்லாம் பின்னால் போய்விடும். எலும்பைப் பலப்படுத்த ஊசி போடப் போகிறார்கள் என்றால் அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்து ஆடுகிற பல்லை எடுத்துவிடுங்கள். ஊசி ஆரம்பித்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். ஆக்சிடினிப் சாப்பிடும்போதும் புண் சீக்கிரம் ஆறாது, எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். தைராய்டு, காலை நேரக் கார்டிசால், கல்லீரல், கிரியாட்டினின் எல்லாம் மருந்துக்கு முன்பே ஒரு தடவை எடுத்து வையுங்கள், பின்னால் ஒப்பிட வேண்டும். சரும வியாதி, மூட்டு வாதம் என்று எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்ட பழைய நோய் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் ஒரு விலக்கு: பம்பளிமாஸ். தோட்டத்தில் காய்க்கிறது என்று ஆத்தா உரித்துக் கொடுப்பார். கிரேப்ஃப்ரூட் குடும்பத்துப் பழம் அது. ஆக்சிடினிப்பை உடைக்கிற கல்லீரல் நொதியைத் தடுத்து, ரத்தத்தில் மருந்தை ஏற்றிவிடக் கூடும். நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது ஆரம்பிப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கல்லீரல் எண் ஏறினால், பழி இம்யூனோவின் மேல் விழுந்து நல்ல மருந்தை நிறுத்திவிடுவார்கள். அதை நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

கடைசியாக, அப்பச்சி கேட்கச் சொன்னதாக நீங்கள் எழுதிய கேள்வி. முப்பத்தோரு வருடமாகத் தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கிறவர், இந்த வருடம் நடக்கலாமா என்கிறார். மாத்திரை ஆரம்பித்த முதல் மூன்று மாதத்துக்குள் தைப்பூசம் வந்தால் வேண்டாம். உள்ளங்கால் எப்படி இருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது, இடுப்பெலும்பும் பார்க்க வேண்டும். குன்றக்குடி வரை காரில் போய்க் காவடியை வழியனுப்பிவிட்டு, பழனிக்கு வண்டியில் போய்ச் சேர்ந்துகொள்ளட்டும். அடுத்த வருடம் பாதம் நன்றாக இருந்து, இடுப்பு ஸ்கேன் பார்த்து டாக்டரும் சரி என்றால், கடைசி நாள் நடையை மட்டும், கால் உறையும் மெத்தென்ற செருப்பும் போட்டுக்கொண்டு நடக்கலாம். செருப்பு போடமாட்டேன் என்பார். அந்த வாக்குவாதத்தை ஆத்தாவிடம் விட்டுவிடுங்கள்.